கட்டுமான ‘எழுச்சி’யும் கட்டுவோரின் தகரக் கொட்டகையும்

2025 மே மாத இறுதியில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட தற்காலிக மதிப்பீட்டின்படி, 2024-25ஆம் நிதியாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 6.5 சதவீதம் வளர்ந்தது. கட்டுமானத் துறையோ 9.4 சதவீதம் வளர்ந்தது. ஒன்றிய ஆட்சியாளர்களும் அவர்களுக்குத் துதிபாடும் முதலாளித்துவ ஏடுகளும் இந்த இரண்டாவது எண்ணை நாட்டு முன்னேற்றத்தின் சான்றாக எடுத்துக் காட்டுகின்றனர். தொழிற்சாலைகளில் புதிய வேலைகள் உருவாகாத காலத்தில், கிராமத்திலிருந்து வெளியேறும் இளைஞனுக்குக் கட்டுமானத் தளமே வேலை தருகிறது என்றும், கட்டடங்கள் பெருகப் பெருக ஏழைகளுக்கும் ஒருநாள் வீடு கிடைத்துவிடும் என்றும் வாதிடுகின்றனர்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் தில்லியைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. குருகிராம், பரிதாபாத், நொய்டா, கிரேட்டர் நொய்டா ஆகிய நகரங்கள் வயல்வெளிகளின் மீதும் ஆரவல்லி மலைச்சரிவுகளின் மீதும் எழுந்தவை. 2024 ஜனவரியில் குருகிராமில், நாட்டின் மிகப்பெரிய ரியல் எஸ்டேட் நிறுவனங்களுள் ஒன்று, இன்னும் கட்டி முடிக்கப்படாத 1,113 சொகுசு அடுக்குமாடி வீடுகளை மூன்றே நாட்களில் 7,200 கோடி ரூபாய்க்கு விற்றுத் தீர்த்ததாக அறிவித்தது. ஒரு வீட்டின் சராசரி விலை ஏறத்தாழ ஆறரைக் கோடி ரூபாய். அந்த வீட்டுக்குக் கம்பி கட்டும் தொழிலாளி நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறுவதாகவும், ஆண்டில் 300 நாள் தவறாமல் வேலை கிடைப்பதாகவும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவர் உண்ணாமல், உடுத்தாமல், ஊருக்குப் பணம் அனுப்பாமல் முழுக் கூலியையும் சேர்த்தாலும், அந்த வீட்டை வாங்க 360 ஆண்டுகள் ஆகும்.

அவர் இரவில் உறங்குவது எங்கே? கட்டுமானத் தளத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட தகரக் கொட்டகையில். அல்லது காலி மனை ஒன்றில், வாடகை வாங்கும் உள்ளூர்த் தரகரின் தயவில் எழுப்பப்பட்ட ‘ஜுக்கி’யில். கோடையில் கொதிக்கும் தகரம், குளிர்காலத்தில் பனியைச் சொட்டும். பலருக்கு ஒரு கழிப்பறை, லாரியில் வரும் தண்ணீர். கட்டடம் முடிந்ததும் கொட்டகை பிரிக்கப்படும். அடுத்த தளத்தில் அதே தகரம் மீண்டும் நிறுத்தப்படும்.

இதைக் கவனக்குறைவு என்றோ, வளர்ச்சியின் பலன் கீழே வந்துசேரச் சற்றுத் தாமதமாகிறது என்றோ கருதுவது தவறு. கட்டுமானப் பெருமுதலாளியின் இலாபக் கணக்கு, தொழிலாளியின் குடியிருப்புச் செலவைக் கூலியிலிருந்து நீக்கிவிட்ட பிறகே போடப்படுகிறது. வீடற்ற உழைப்பாளி இந்த எழுச்சியின் அடித்தளம்.

வீடு மிகுதியும் வீடின்மையும்

ஒன்றிய அரசே அமைத்த தொழில்நுட்பக் குழு, 12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கமான 2012இல் நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம் என மதிப்பிட்டது. இதில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் தேவைப்படுபவை. இப்பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்கு, ஒரே அறையில் பெற்றோரும் மணமான பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறங்களில் மட்டும் 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன.

தேவை இருக்கிறது; வீடும் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. ஏனெனில் முதலாளித்துவத்தில் வீடு குடியிருப்பதற்காகக் கட்டப்படுவதில்லை, விற்பதற்காகக் கட்டப்படுகிறது. நிதி மூலதனம் ஆட்சி செய்யும் இன்றைய கட்டத்தில் இது இன்னொரு படி மேலே செல்கிறது. வாங்குபவரும் குடியேறுவதற்காக வாங்காமல், விலை ஏறும்வரை பூட்டி வைப்பதற்காக வாங்குகிறார். கறுப்புப் பணமும் பங்குச்சந்தை இலாபமும் வெளிநாட்டு வருமானமும் தங்குவதற்கு வீடு ஒரு பெட்டகமாகிறது.

சந்தை யாருக்காக இயங்குகிறது என்பதை ரியல் எஸ்டேட் ஆலோசனை நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளே ஒப்புக்கொள்கின்றன. நாட்டின் ஏழு முன்னணி நகரங்களில் விற்பனையான வீடுகளில், 40 இலட்சம் ரூபாய்க்குக் குறைவான வீடுகளின் பங்கு 2019இல் 38 சதவீதத்தை ஒட்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில் அது பாதியாகச் சுருங்கியது. கட்டுமானம் வேகமெடுத்த அதே ஆண்டுகளில்தான் இது நிகழ்ந்தது. வீடுகள் அதிகம் கட்டப்பட்டால் விலை குறைந்து ஏழைக்கும் எட்டும் என்ற பாடநூல் வாதம், அதைப் போதிப்போரின் புள்ளிவிவரத்தாலேயே பொய்யாகிறது. 40 இலட்சம் ரூபாய் வீடு கூட எந்தக் கொத்தனாருக்கும் எட்டாதது என்பது தனிக்கதை.

1872இல் ‘வீட்டுவசதிப் பிரச்சனை’ குறித்துத் தொடர்கட்டுரைகள் எழுதிய ஏங்கெல்ஸ், முதலாளி வர்க்கம் இந்தப் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தள்ளிவிடுவதையே தீர்வு என்கிறது என்று விளக்கினார். நகரின் மையத்தில் உள்ள சேரி இடிக்கப்படும். அங்கே அகன்ற சாலையும் மாளிகையும் எழும். சேரி நகரின் விளிம்பில் மீண்டும் முளைக்கும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஆரவல்லி அடிவாரத்தில் இதுவே நடக்கிறது.

நிலம் எப்படிக் கைமாறியது?

குருகிராமின் வளர்ச்சியைத் தனியார் தொழில்முனைவின் அதிசயம் என்று சித்திரிப்பது வழக்கம். உண்மையில் அரசு அதிகாரத்தின் துணையின்றி ஒரு கோபுரமும் எழுந்திருக்காது. 1975ஆம் ஆண்டின் ஹரியானா நகர்ப்பகுதி மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், உரிமம் பெற்று விவசாய நிலத்தை நகரியமாக மாற்றும் அதிகாரத்தைத் தனியாருக்கு வழங்கியது. நிலத்தின் மதிப்பைப் பன்மடங்காக்கும் மந்திரக்கோல் உழவரின் கையிலோ கட்டுநரின் கையிலோ இல்லை. உரிமத்தில் கையொப்பமிடும் அரசின் கையில் இருந்தது. அந்தக் கை யாருக்காக அசைந்தது என்பதற்கு மானேசர் சாட்சி.

2004 ஆகஸ்டு 27 அன்று, மானேசர், லக்னௌலா, நௌரங்பூர் ஆகிய மூன்று கிராமங்களில் 912 ஏக்கர் நிலத்தைத் தொழில் நகரியத்துக்காகக் கையகப்படுத்தப் போவதாக ஹரியானா அரசு அறிவித்தது. எப்படியும் நிலம் போய்விடும், அரசு தரும் இழப்பீடு அற்பமாக இருக்கும் என்ற அச்சத்தில் விவசாயிகள் கட்டுமான நிறுவனங்களுக்குக் கிடைத்த விலைக்கு விற்றனர். பெரும்பகுதி நிலம் கைமாறிய பின், 2007 ஆகஸ்டு 24 அன்று, கையகப்படுத்தும் நடவடிக்கையை அரசு கைவிட்டது. நிலம் விவசாயியிடம் திரும்பவில்லை, வாங்கியவர்களிடம் தங்கியது. அன்று 1,600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சுமார் 400 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. 2018 மார்ச் 12 அன்று உச்சநீதிமன்றம், நடவடிக்கையைக் கைவிட்ட முடிவே அதிகாரத்தை மோசடியாகப் பயன்படுத்தியது எனத் தீர்ப்பளித்தது.

உத்தரப்பிரதேசப் பகுதியிலும் இதே கதைதான். கிரேட்டர் நொய்டாவின் ஷாபேரி கிராமத்தில் தொழில் வளர்ச்சிக்கென்று அவசரப் பிரிவைப் பயன்படுத்தி, விவசாயிகளின் ஆட்சேபத்தைக் கூடக் கேளாமல் பறிக்கப்பட்ட 156 ஹெக்டேர் நிலம், அடுக்குமாடி கட்டும் நிறுவனங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. இந்த ஆண்டுகளில் ஹரியானாவில் கட்சிகள் மாறின, உத்தரப்பிரதேசத்திலும் மாறின. நிலத்தை மலிவாகப் பறித்து மூலதனத்திடம் ஒப்படைக்கும் தரகுப் பணி மட்டும் இடையறாது தொடர்ந்தது. நவீன தாராளமயத்தில் அரசு பின்வாங்கிவிட்டது என்று சொல்வோர், விவசாயியின் வாசலில் அது எவ்வளவு வலுவாக நின்றது என்பதைப் பார்ப்பதில்லை.

ஒரே மலை, இரண்டு சட்டம்

ஆரவல்லி மலைத்தொடர் தார்ப் பாலைவனத்தின் மணற்காற்றிலிருந்து வடஇந்தியச் சமவெளியைக் காக்கும் அரண். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் அதன் பெரும்பகுதியில் மரம் வெட்டுவதையும் கட்டுமானத்தையும் தடுத்துவந்தது. 2019 பிப்ரவரி 27 அன்று ஹரியானாவின் பாஜக அரசு, அந்தப் பாதுகாப்பிலிருந்து பரந்த நிலப்பரப்பை விடுவிக்கும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அடுத்த சில நாட்களிலேயே உச்சநீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அதன்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது எனத் தடுத்தது. பெருமனை முதலாளிகளுக்காக ஒரு மாநில அரசு சட்டத்தையே திருத்த முன்வந்தது என்பது பதிவாகிவிட்டது.

அதே மலையில், தில்லி எல்லையை ஒட்டிப் பரிதாபாத்தில் கோரி கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. ஆரவல்லிக் கல்குவாரிகளில் கல் உடைத்த தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு குடியேறிய இடம். தில்லியின் கட்டடங்களுக்குச் சென்ற கல்லை உடைத்தவர்கள் அவர்கள். குவாரிகள் மூடப்பட்ட பின் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் போனார்கள். நிலத்தரகர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் கட்டி மனை வாங்கியதாக நம்பியவர்கள் அவர்களில் பலர். 2021 ஜூன் 7 அன்று, வனநிலத்தில் இருந்த சுமார் 10,000 வீடுகளையும் ஆறு வாரங்களுக்குள் அகற்றும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கொரோனா இரண்டாம் அலையின் பிணக்குவியல் கண்ணிலிருந்து மறையாத நாட்கள் அவை. ஜூலை மழையில் இயந்திரங்கள் வந்தன. வீடிழந்தவர்களுக்கு மாற்று வீடு வேண்டுமானால் ஹரியானா வாக்காளர் பட்டியலில் பெயர், மாநிலக் குடும்ப அடையாள அட்டை, ஹரியானா மின்வாரிய இணைப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. பலரிடம் இருந்தவை தில்லி முகவரி ஆவணங்கள். தகுதி பெற்ற சிறுபகுதியினருக்குக் காட்டப்பட்டவை, முந்தைய திட்டமொன்றில் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் பாழடைந்து கிடந்த டபுவா காலனிக் குடியிருப்புகள்.

வனம் காக்கப்பட வேண்டும் என்பதில் உழைக்கும் வர்க்க இயக்கத்துக்கு ஐயமில்லை. அதே வனநிலத்தில் எழுந்த பண்ணை வீடுகளின் மீதும் விருந்து மண்டபங்களின் மீதும் நடவடிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோது, கல் உடைத்தவர்களின் வீடுகள் மட்டும் வாரக்கணக்கில் தரைமட்டமானது ஏன் என்பதே கேள்வி. சட்டம் ஒன்றுதான், அதன் வேகம் எதிரே நிற்பவரின் வர்க்கத்தைப் பார்த்து மாறுகிறது.

கூலியும் நிதியும்

இந்திய உழைப்பாளர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கட்டுமானத்தில் இருக்கிறார். ‘வேலை தருகிறதே’ என்ற வாதத்தின் முழு வலுவும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் வேலை என்ன தந்தது? பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ், ரிசர்வ் வங்கி வெளியிட்ட கூலித் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, 2014-15 முதல் 2021-22 வரை கட்டுமானத் தொழிலாளரின் உண்மைக் கூலி ஆண்டுக்கு வெறும் 0.2 சதவீதமே உயர்ந்திருந்தது. விவசாயத் தொழிலாளியின் கூலி உயர்வைவிடவும் இது குறைவு. கோபுரங்களின் உயரமும் வீடுகளின் விலையும் ஏறிய காலத்தில் கூலி நின்ற இடத்திலேயே நின்றது.

கூலி ஏறாததற்கு வேலை கட்டமைக்கப்பட்ட முறையே காரணம். மேலே நிறுவனம், அதன்கீழ் ஒப்பந்ததாரர், அதன்கீழ் உள்ஒப்பந்ததாரர், கடைசியில் ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் மேஸ்திரி. பந்தேல்கண்டிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் நிலமற்ற தலித், பழங்குடி, சிறுபான்மைக் குடும்பங்களைத் தேடி அந்த முன்பணம் செல்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் பெண் சித்தாளாகக் கணக்கிடப்பட்டுக் குறைந்த கூலி பெறுகிறாள். குழந்தை மணல்மேட்டில் வளர்கிறது. விபத்து நேர்ந்தால் ஒவ்வொரு படியில் இருப்பவரும் மற்றவரைக் கைகாட்டுவார். கட்டுமானத் தளச் சாவுகளுக்கு நாடு தழுவிய முழுமையான அரசுக் கணக்கு கூட இல்லை.

போராடிப் பெற்ற சட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்தன. நாடு முழுவதும் எழுந்த நீண்ட இயக்கத்தின் விளைவாக 1996இல் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தீர்வை வசூலித்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் தீர்வைச் சட்டமும் நிறைவேறின. அந்த நிதிக்கு நேர்ந்த கதி என்ன? 2018 மார்ச் 19 அன்று உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது: நாடு முழுவதும் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவிடப்பட்டது சுமார் 9,500 கோடி. அந்தச் செலவிலும் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கணக்குகள் இருந்தது கண்டு நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தனர். தளத்தில் குடிநீருக்கு அலையும் சித்தாளின் பெயரால் சேர்ந்த பணம் அது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் தலைநகர் வட்டாரத்தில் காற்று நஞ்சாகும்போது, முதலில் நிறுத்தப்படுவது கட்டுமானம். கார்கள் ஓடும்; கொத்தனாரின் கூலி நிற்கும். அக்காலத்தில் தீர்வை நிதியிலிருந்து தொழிலாளர்களுக்கு வாழ்வாதார உதவி வழங்க வேண்டும் என 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2024 இறுதியிலும், தில்லி அரசு பதிவு பெற்ற சுமார் 90,000 பேருக்கு 8,000 ரூபாயில் 2,000 மட்டும் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தின் கண்டனத்தைப் பெற்றது. வட்டார மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களை அழைத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பதிவே பெறாதவர்களுக்கு அந்த 2,000 ரூபாயும் இல்லை.

இந்தக் குறைகளைக் களைவதற்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1996ஆம் ஆண்டுச் சட்டங்களையும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விழுங்கிவிட்டது. 1979 சட்டம் ஐந்து புலம்பெயர் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பு பத்துப் பேர் என்று உயர்த்துகிறது. ஆட்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்துக் காட்ட எந்த ஒப்பந்ததாரருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. தீர்வை எவ்வளவு என்பதை இனி முதலாளியே சுயமதிப்பீடு செய்வார். ஆய்வாளரோ முதலாளிக்கு ‘வசதி செய்பவர்’ ஆகிவிட்டார்.

வாங்கியவரும் ஏமாந்தார்

இந்த எழுச்சியில் நடுத்தர வர்க்கமாவது பயனடைந்ததா? நிதி ஆயோக்கின் முன்னாள் தலைமை நிர்வாகி அமிதாப் காந்த் தலைமையில் ஒன்றிய அரசு அமைத்த குழு, 2023இல் அளித்த அறிக்கையில் நாடு முழுவதும் 4 இலட்சத்து 12 ஆயிரம் வீடுகள் பணம் வாங்கிய பின்னும் முடிக்கப்படாமல் முடங்கிக் கிடப்பதாகச் சுட்டியது. அவற்றில் பாதிக்கு மேல், 2 இலட்சத்து 40 ஆயிரம், தேசியத் தலைநகர் வட்டாரத்தில் உள்ளவை. எழுச்சியின் தலைநகரமே ஏமாற்றத்தின் தலைநகரமாகவும் இருக்கிறது. ஆசிரியரும் வங்கி எழுத்தரும் ஓய்வு பெற்ற இராணுவ வீரரும் ஒருபுறம் வாடகையும் மறுபுறம் வங்கித் தவணையும் செலுத்திக்கொண்டு தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடத்தைப் பார்த்து நிற்கின்றனர். ஒரு திட்டத்துக்கென வாங்கிய பணம் வேறு நிலங்களுக்கும் வேறு நிறுவனங்களுக்கும் திருப்பிவிடப்பட்டது. கட்டுநர்களுக்கும் வங்கிகளுக்கும் இடையிலான கூட்டை விசாரிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உத்தரவிட்டது.

42,000க்கும் மேற்பட்டோரை ஏமாற்றிய அம்ரபாலி குழுமத்தின் பதிவை உச்சநீதிமன்றம் 2019 ஜூலையில் ரத்து செய்து, எஞ்சிய பணியைப் பொதுத்துறை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அத்தகைய கட்டடங்களுள் ஒன்றில்தான், கிரேட்டர் நொய்டாவில், 2023 செப்டம்பர் 15 அன்று ஆட்களை ஏற்றிச் சென்ற தளத்தூக்கி அறுந்து விழுந்து எட்டுக்கும் குறையாத தொழிலாளர்கள் மாண்டனர். வாங்கியவரின் பத்தாண்டுக் கண்ணீரும் கட்டியவரின் இரத்தமும் ஒரே சுவரில் படிந்திருக்கின்றன. நடுத்தர வர்க்கத்தின் கோபம் தொழிலாளியின் போராட்டத்தோடு இணைய வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

‘அனைவருக்கும் வீடு’ என்னும் மோசடி

2022க்குள் அனைவருக்கும் வீடு என்ற முழக்கத்தோடு 2015 ஜூன் 25 அன்று பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022 வந்து போனது, கெடு நீட்டிக்கப்பட்டது. ஒப்புதல் பெற்ற சுமார் 1 கோடியே 18 இலட்சம் வீடுகளில் மிகப் பெரும் பங்கு, சொந்த மனை வைத்திருப்போர் தாமே கட்டிக்கொள்வதற்கு வழங்கப்பட்ட மானியம். குடிசைப் பகுதி மக்களுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே வீடு கட்டும் பிரிவுக்குக் கிடைத்தது சுமார் 3 இலட்சம். மனை இல்லாதவர்தான் நகரத்தின் முதன்மையான ஏழை. அவரே திட்டத்தின் கடைசி வரிசையில் நின்றார். 2024இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிரிவும் கைவிடப்பட்டது.

2020 மார்ச் 24 இரவு திடீரென அறிவிக்கப்பட்ட ஊரடங்கில், இந்த வட்டாரத்திலிருந்து இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தே ஊர் திரும்பியதை நாடு கண்டது. கூலி நின்ற மறுநாளே இருப்பிடமும் இல்லாமல் போனதுதான் அந்த நடைக்குக் காரணம். அதன்பின் ஒன்றிய அரசு வாடகை வீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழைய திட்டங்களில் கட்டிக் காலியாகக் கிடந்த 80,000க்கும் மேற்பட்ட அரசு வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொன்னது. அப்படி மாற்றப்பட்டவை ஆறாயிரத்தைக் கூட எட்டவில்லை.

பணமில்லை என்பது பொய். முடங்கிய திட்டங்களை மீட்க 2019இல் 25,000 கோடி ரூபாய் நிதியம் அறிவிக்கப்பட்டது. 2025 நிதிநிலை அறிக்கையில் மேலும் 15,000 கோடி. கட்டுநரின் இடரைப் பொதுப்பணம் ஏற்கும். தொழிலாளியின் கூரையை ஏற்காது. குறைந்த வருவாய் கொண்ட கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு ‘லைப்’ திட்டத்தின் மூலம் வீட்டுக்கு 4 இலட்சம் ரூபாய் வரை வழங்கி 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை முடித்துக் காட்டியது. பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென 620 படுக்கைகள் கொண்ட விடுதியை 2019இல் திறந்தது. தேவையின் முன் 620 என்பது சிறிய எண். ஆனால் புலம்பெயர் தொழிலாளியின் இருப்பிடம் அரசின் கடமை என்ற கொள்கையை அந்தக் கட்டடம் நிலைநாட்டியது.

உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாம்

2025 ஜூலையில் குருகிராமில் நடந்தது இந்த எழுச்சியின் அரசியல் முகத்தைக் காட்டியது. வங்க மொழி பேசும் தொழிலாளர்களை, வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தின் பேரில், காவல்துறை சேரிகளிலிருந்து அள்ளிச்சென்று சமுதாயக் கூடங்களைத் தடுப்பு மையங்களாக்கி அடைத்தது. மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இந்தியக் குடிமக்கள் அவர்களில் பெரும்பான்மையினர். அஞ்சிய குடும்பங்கள் இரவோடிரவாகப் பேருந்து பிடித்தன. சேரிகள் காலியாயின. குப்பை அள்ள ஆளில்லை, வீட்டு வேலைக்கு ஆளில்லை என்று அடுக்குமாடிகள் புலம்பின.

இந்த வேட்டையை வெறும் வகுப்புவாத வெறியாக மட்டும் பார்த்தால் பாதி உண்மையே தெரியும். எந்நேரமும் அள்ளிச் செல்லப்படலாம் என்று அஞ்சும் தொழிலாளி, நிலுவைக் கூலி கேட்க மாட்டார். சங்கத்தில் சேர மாட்டார். குடியிருப்பு உரிமை கோர மாட்டார். வகுப்புவாதம் இங்கே ஒப்பந்ததாரரின் பிரம்பாகப் பயன்படுகிறது.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மடிந்தபோது, இறந்தவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இன்று சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர் கட்டுமானத் தளங்களில் அதே பீகாரிகளும் வங்காளிகளும் அதே தகரக் கொட்டகைகளில் இருக்கின்றனர். அவர்கள் தமிழரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு தேநீர்க்கடைகளில் கேட்கிறது. சில இனவாத மேடைகளில் முழங்குகிறது. கூலியைக் குறைத்தவர் ஒப்பந்ததாரர். அவரை விட்டுவிட்டுக் குறைந்த கூலிக்குத் தள்ளப்பட்டவர்மீது பாய்வது, குருகிராம் காவல்துறையின் வேலையைத் தமிழில் செய்வதாகும்.

செய்ய வேண்டியது

கோரிக்கைகள் தெளிவானவை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெற்று, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டங்களையும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வலுப்படுத்தி மீட்டெடுக்க வேண்டும். தீர்வை நிதியைப் பதிவு இருப்பினும் இல்லாவிடினும் தளத்தில் வேலை செய்யும் அனைவருக்கும் சேரச் செய்ய வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு இல்லாமல் எந்தத் திட்டத்துக்கும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்குத் திறந்துவிட வேண்டும். மாற்றுக் குடியிருப்பு தராமல் எந்தச் சேரியையும் இடிக்கக் கூடாது. பூட்டிவைக்கப்பட்ட வீடுகள் மீது வரி விதித்து, அந்தப் பணத்தில் பொது வாடகைக் குடியிருப்புகள் கட்ட வேண்டும்.

கோரிக்கைகளை எழுதுவதோடு பணி முடிவதில்லை. நலவாரியப் பதிவு, ஓய்வூதியப் படிவம், கல்வி உதவி ஆகியவற்றில் கட்டுமானச் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு இலட்சக்கணக்கானோருக்கு உதவியுள்ளன. ஆனால் இந்தச் சேவையின் எல்லைக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாளர்களே. ஊர் ஊராகப் பெயரும் தொழிலாளியிடம் உள்ளூர் முகவரிச் சான்று இல்லை. சங்க அலுவலகத்தில் அவர் மொழி பேசுவோர் இல்லை. இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும் கட்டடத்தின் வாயிலில் மட்டும் கொடியேற்றினால் கட்டடத்தோடு கிளையும் கலைந்துவிடும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியிலும், மாலையில் கொட்டகை வரிசையிலும், தீபாவளிக்கும் சத் பூசைக்கும் அவர் திரும்பும் கிராமத்திலும் சங்கம் அவரைச் சந்திக்க வேண்டும். இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் துண்டறிக்கை வர வேண்டும். வேலை கிடைக்கும் மாநிலத்துச் சங்கமும் பிறந்த மாநிலத்து விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே உறுப்பினரை இரு முனைகளிலும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டும் கட்டுமான வளர்ச்சி எண் வெளியாகும். இன்னும் உயர்ந்தும் இருக்கலாம். அந்த எண்ணைக் காட்டி எவரேனும் வளர்ச்சி என்று பேசும்போது, கட்டியவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு கிளையும் மக்கள் முன் வைக்க வேண்டும். அதற்கான விடையைக் கொட்டகை வரிசைக்குள் சென்று, அங்கிருப்போருடன் சேர்ந்தே உருவாக்க வேண்டும்.